பிள்ளை வில்லங்கமா?

மண்டபம் கரையிலே நின்று பாருங்கள், தோழர்களே! கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் நீரிலும் மணலிலும் சீறிப் பாய்கிறது. பக்கத்திலே உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம். காவல் பலமாகத்தான் இருக்கிறது. அந்தக் காவலுக்கு நடுவேதான் மீனவன் வலை அறுபடுகிறது, படகு பறிபோகிறது, சில வேளை உயிரும் போகிறது.

அப்படிப் போனவன் வீட்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வையுங்கள். இடுப்பிலே கைக்குழந்தை. பன்னிரண்டாவது தேறியவள். பாசி எடுக்க மூச்சடக்கி முங்கிப் பழகிய உடம்பு. "நானும் பட்டாளத்தில் சேரலாமா?" என்று அவள் கேட்டால் கிடைக்கும் பதில் என்ன?

2022-இல் வந்த அக்கினிபாத் திட்டம், மணமாகாதவர்தான் வரவேண்டும் என்கிறது. நான்காண்டு முடியுமுன் மணம் செய்தால் வீட்டுக்குப் போ என்கிறது. பெண்களுக்கான இராணுவப் போலீசில் கொஞ்சம் இளகியிருக்கிறார்கள். கணவனை இழந்தவள் வரலாம். மணவிலக்குப் பெற்றவளும் வரலாம். ஆனால் குழந்தை இருக்கக் கூடாதாம்! மனைவியைப் பறிகொடுத்துப் பிள்ளையோடு நிற்கும் வாலிபனுக்கோ அந்த இளகிய வரிகூட இல்லை.

சரி, செவிலியர் வேலைக்காவது போகலாமா? இராணுவ மருத்துவக் கல்லூரிகளின் நான்காண்டுச் செவிலியர் படிப்புக்கு வந்த அறிவிப்புகளைப் படித்தால், விதவைக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: 'என்கம்பரன்ஸ்' இல்லாதவளாக இருக்க வேண்டும். நிலம் வாங்கப் பத்திர ஆபீசுக்குப் போனவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். தமிழில் வில்லங்கம்! அடமானப்பட்ட நிலத்துக்குச் சொல்லும் சொல்லை, தாயின் மடியில் கிடக்கும் பிள்ளைக்குச் சொல்கிறார்கள்.

பயிற்சி கடுமையானது, எல்லைக்கு அனுப்பினால் பிள்ளையை யார் பார்ப்பது என்பார்கள். நியாயமான கேள்விதான், தட்டிக் கழிக்க வேண்டாம். ஆனால் விடையை அவர்களே பரங்கிமலையில் எழுதி வைத்திருக்கிறார்களே! 2015 நவம்பரில் காஷ்மீரத்துக் குப்வாராவில் வீழ்ந்த கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி சுவாதி, இரண்டு பிள்ளைகளின் தாய். வயதைத் தளர்த்தி எடுத்தார்கள். சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று 2017 செப்டம்பரில் அதிகாரியானார். ஜோதி நைன்வால், அவரும் இரு பிள்ளைகளின் தாய், 2021 நவம்பரில் அதே மைதானத்தில் நடைபோட்டு வெளிவந்தார். படைவீரனின் விதவைக்குப் பிள்ளை தடையல்ல. இராணுவப் போலீசிலும் அவளுக்கு அந்த விலக்கு உண்டு. பாராட்டுகிறோம், அவர்களுக்கு உரியதுதான். அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டியும் அத்தையும் இருந்தால், மீனவன் பிள்ளைக்கு மட்டும் இல்லையா?

இன்னொரு வேடிக்கை. பட்டாளத்துக்குள்ளே இருக்கும் ஆண் தனியாகப் பிள்ளை வளர்த்தால் அவனுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு என்று 2019-இல் இராணுவ அமைச்சகமே ஒப்புக்கொண்டது. உள்ளே இருப்பவனுக்கு விடுப்பு, வாசலில் நிற்பவனுக்குக் கதவடைப்பு! அமெரிக்காவிலும் முழுநேரப் படையில் சேர வரும் தனித் தாயை எளிதில் எடுப்பதில்லை. ஆனால் படைக்குள் இருக்கும்போது தனித்துப் போனவரிடம், பிள்ளையை யார் காப்பார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணியில் வைத்துக்கொள்கிறார்கள்.

விதி மாறாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மணம் செய்தால் செவிலியர் அதிகாரி வெளியேற வேண்டும் என்று 1977-இல் ஒரு விதி போட்டார்கள். அதைக் காட்டி 1988-இல் லெப்டினன்ட் செலினா ஜான் வெளியேற்றப்பட்டார். 1995-இல் விதியே கைவிடப்பட்டது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடு என்றது. அதற்குள் 36 ஆண்டுகள் ஓடிவிட்டன!

மண்டபத்துப் பெண்ணால் 36 ஆண்டு காத்திருக்க முடியாது. அவள் கேட்பது சலுகையல்ல. ஓட்டத்தில் தோற்றால் அனுப்பிவிடு, உயரம் போதாவிட்டால் அனுப்பிவிடு. விண்ணப்பத்தில், பயிற்சிக் காலத்தில் பிள்ளையைக் காப்பவர் யார் என்று ஒரு பத்தி சேர்த்து, காப்பவரின் கையொப்பம் வாங்கிக்கொள். நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேள்வியாக எழுப்பட்டும். அதே மூச்சில் அந்த 'வில்லங்க'த்தையும் அறிவிப்பிலிருந்து அடித்துவிடச் சொல்லட்டும்.