போர்க்களத்தில் ஒரு பண்ணை வீடு

பெல்ஜியம் நாட்டில், வாட்டர்லூ போர்க்களத்தின் ஓரத்தில், ஹூகுமோன் என்ற பழைய பண்ணை இருக்கிறது. கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டிய வீடு, களஞ்சியம், தொழுவம், கிணறு, சிறு தேவாலயம். பக்கத்தில் மதில் சூழ்ந்த தோட்டமும் பழத்தோப்பும்.

1815 ஜூன் 18-ல் நெப்போலியனின் படையினர் நாள் முழுவதும் இதைத் தாக்கினர். உள்ளிருந்த பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் தோட்ட மதிலில் துளையிட்டுச் சுட்டனர். குண்டு விழுந்து களஞ்சியம் தீப்பற்ற, அங்கே கிடந்த காயம்பட்டவர்கள் பலர் கருகினர். மாளிகையும் எரிந்தது, அது மறுபடி கட்டப்படவே இல்லை. சுற்றுப்புறத்தில் ஆள் உயரம் வளர்ந்திருந்த ரை பயிர் மழைச் சேற்றில் மிதிபட்டு நாசமாயிற்று. அந்த நஷ்டத்தைப் போர் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை.

கிணற்றில் 300 பிணங்கள் போடப்பட்டதாக விக்டர் ஹியூகோ தம் நாவலில் எழுதினார். தோண்டிப் பார்த்தபோது மனித எலும்பே அகப்படவில்லை. அப்படியானால் களத்தில் மாண்ட ஆயிரக்கணக்கானோரின் எலும்புகள் எங்கே? 2022-ல் ஆய்வாளர்கள் வெளியிட்ட விவரம் திடுக்கிட வைக்கிறது. எலும்புத்தூள் நல்ல மணிச்சத்து உரம் என்பது நம் விவசாயிகள் அறிந்ததே. அதற்காகவும், 1830-களில் பெருகிய பீட்ரூட் சர்க்கரை ஆலைகளில் பாகை வெளுக்கும் எலும்புக்கரிக்காகவும் புதைகுழிகள் தோண்டப்பட்டு, எலும்புகள் விலைக்குப் போயின என்கிறார்கள்.

போருக்குப் பின்னும் ஹூகுமோனில் 20-ம் நூற்றாண்டின் இறுதிவரை விவசாயம் நடந்தது. 2015-ல், போரின் 200-வது ஆண்டில், கட்டிடங்கள் பழுதுபார்க்கப்பட்டுப் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டன.