ரெயில் ஸ்டேஷன் பெயரில் கம்ப்யூட்டர் எழுத்து!

பிலடெல்பியா, அமெரிக்காவில் உள்ள ஒரு பெரிய நகரம். அங்கிருந்து மேற்கே பேயோலி என்ற ஊருக்கு லோக்கல் ரெயில் போகிறது. ஓவர்புரூக், மெரியன், ஆர்ட்மோர், ரோஸ்மான்ட் என்று வழியில் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். மும்பைக்காரர்கள் மாதுங்கா, சயான், குர்லா என்று அடுக்குவது போல, அந்தப் பகுதி மக்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம்.

இந்தப் பெயர்கள் ஒரு சமயம் கம்ப்யூட்டர் எழுத்துகளுக்குச் சூட்டப்பட்டன. சூட்டியவர்கள் அந்தப் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இருவர். பெயர் சூட்டியபோது அவர்கள் இருந்ததோ, ஏறத்தாழ 4 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கலிபோர்னியாவில்!

கட்டம் போட்ட நோட்டு

ஒருவர் சூசன் கேர் அம்மையார். இவர் சிற்பி. 1978-ம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கலைத்துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர். கம்ப்யூட்டர் வேலையில் அனுபவம் கிடையாது.

ஒரு மியூசியத்துக்காக, நிஜப் பன்றியின் அளவில் பன்றிச் சிலை ஒன்று செய்துகொண்டிருந்தார். அப்போது போன் வந்தது. பேசியவர் பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்பெல்டு. ஆப்பிள் கம்பெனியில் புதிய கம்ப்யூட்டர் ஒன்று தயாராகிறது, அதற்குப் படங்களும் எழுத்துகளும் வேண்டும் என்றார். கட்டம் போட்ட நோட்டு வாங்கி, ஒரு கட்டத்தை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு வரைந்து பார்க்கும்படி யோசனையும் சொன்னார்.

அம்மையார் அப்படியே செய்தார். 32-க்கு 32, ஆக மொத்தம் 1,024 கட்டங்கள். சிலவற்றை நிரப்பினார், மற்றதை வெறுமையாக விட்டார். அந்த நோட்டோடுதான் வேலை கேட்கப் போனார். 1983-ம் ஆண்டு வேலையும் கிடைத்தது.

மொசைக் கல் பதிப்பதும், துணியில் பூவேலை செய்வதும் இதே வேலைதான் என்பது அம்மையாரின் கருத்து. பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்கிறவர்களைக் கேட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். பாயின் இழை வளைந்து போகாது. கட்டம் கட்டமாகத்தான் எழுத்தின் வளைவைக் காட்டவேண்டும்.

கருப்பு அல்லது வெள்ளை

மெக்கின்டோஷ் என்ற அந்தக் கம்ப்யூட்டரின் திரை 9 அங்குலம். குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 342 புள்ளி. முழுத் திரைக்கும் சேர்த்து 1,75,104 புள்ளிகள்தான். (இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்போன் பலவற்றில் 20 லட்சத்துக்கும் மேல்!) ஒவ்வொரு புள்ளியும் கருப்பாக இருக்கும், இல்லாவிட்டால் வெள்ளையாக இருக்கும். நடுவில் சாம்பல் நிறம் கிடையாது.

இதில் சாய்கோடு போட்டால் படிக்கட்டு போலப் பல்லைக் காட்டும். அம்மையார் என்ன செய்தார்? மெனுவில் வரும் தடித்த எழுத்துக்கு நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, சரிபாதிச் சாய்வுக் கோடு ஆகிய மூன்றை மட்டுமே வைத்துக்கொண்டார். சரிபாதிச் சாய்வில் படிகள் ஒரே சீராக இறங்குவதால் கண்ணை உறுத்துவதில்லை.

டைப்ரைட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு சங்கதி தெரியும். ஆங்கில ‘ஐ’ எழுத்துக்கும் ‘எம்’ எழுத்துக்கும் அதில் ஒரே அகலம்தான். ஒல்லியான எழுத்தின் இருபக்கமும் காலி இடம். குண்டான எழுத்துக்கோ நெருக்கடி. அக்காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவும் அப்படித்தான். மெக்கின்டோஷில், அச்சுக்கூடத்து ஈய எழுத்தைப் போல, ஒவ்வொன்றுக்கும் தேவையான அகலம் கொடுக்கப்பட்டது.

நிமிர்ந்த கோடுகள் இரண்டு புள்ளி கனம். அதற்கும் பலன் இருந்தது. மெனுவில் அப்போதைக்குப் பயன்படாத சொல்லை மங்கலாகக் காட்டவேண்டும். சாம்பல் நிறம் இல்லையே! ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை அழித்தார்கள். ஒற்றைப் புள்ளிக் கோடாக இருந்தால் சிதறிப் போயிருக்கும். கனத்த எழுத்தானதால், பாதி போயும் படிக்க முடிந்தது.

ஆங்கிலமாக இருந்ததால் இவ்வளவு சுலபம் என்றும் சொல்லவேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து 5-க்கு 7 புள்ளிகளில் அடங்கிவிடும். மூன்று சுழி ‘ண’ அடங்குமா? போதாததற்கு, தமிழில் புள்ளியே எழுத்தோடு சேர்ந்தது. தலைக்கு மேல் அதற்கு ஓர் இடம், அது ஒட்டாமலிருக்க நடுவே ஓர் இடைவெளி. மின்விளக்குப் போர்டில் உச்சியில் உள்ள விளக்கு அணைந்தால் ‘சேலம்’, ‘சேலம’ ஆகிவிடும்.

சின்ன ஊர் வேண்டாம்!

எழுத்து வகைகள் ஒவ்வொன்றாகத் தயாராயின. பெயர் வைக்கவேண்டுமே! தோழர்கள் இருவரும் யோசித்தார்கள். பள்ளிப் பருவத்து லோக்கல் ரெயில் ஞாபகம் வந்தது. ஓவர்புரூக், மெரியன், ஆர்ட்மோர், ரோஸ்மான்ட் என்று வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்தார். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். இவை என்ன பெயர்கள் என்று கேட்டார். விவரம் சொன்னார்கள். ஊர்ப் பெயர் வைப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் யாரும் கேள்விப்படாத சின்ன ஊர்கள் கூடாது. உலகப் புகழ்பெற்ற நகரங்களாக இருக்கவேண்டும் என்றார்.

அவ்வளவுதான். ஸ்டேஷன்கள் போய் நியூயார்க், ஜெனீவா, லண்டன், டொராண்டோ வந்தன. யானையை நினைவூட்டும் ‘எலிபான்ட்’ என்று விளையாட்டாக அழைக்கப்பட்ட அந்தத் தடித்த எழுத்து, ‘சிகாகோ’ ஆயிற்று. தாராவியில் கடை வைத்தவரிடம் போய், போர்டில் சொந்த ஊர்ப் பெயர் வேண்டாம், பாரிஸ் என்று போடு என்று சொன்னால் எப்படி இருக்கும்!

1984-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி மெக்கின்டோஷ் வெளிவந்தது. அதன் மெனுவில் 13 ஆண்டு நின்ற சிகாகோ, 1997-ம் ஆண்டு வேறு எழுத்துக்கு இடம் கொடுத்தது. 2001-ம் ஆண்டு அதே கம்பெனி ‘ஐபாட்’ என்ற பாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, சின்னக் கருப்பு-வெள்ளைத் திரையில் மறுபடியும் சிகாகோவைத்தான் போட்டார்கள்.

இப்போது திரையில் புள்ளியே கண்ணுக்குத் தெரிவதில்லை. இருந்தும், பழைய வீடியோ விளையாட்டுகளில் வந்த 8-க்கு 8 புள்ளி எழுத்தைப் போலவே புதிதாக வரைந்து வெளியிடுகிறார்கள். அம்மையார் மறைக்கப் பாடுபட்ட அந்தப் படிக்கட்டுப் பல்லை, இவர்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.