எக்ஸ்-ரே கதிர்கள்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

எக்ஸ்-ரே எடுக்குமாறு மருத்துவர் கூறியவுடன், "கதிர் உடம்பிலேயே தங்கிவிடுமா?" என்று பலர் கேட்கின்றனர். வாரக்கணக்கில் இருமல் நீடித்தும், இந்த அச்சத்தால் படமெடுக்காமல் வீடு திரும்புவோரும் உண்டு. எக்ஸ்-ரேயின் தன்மையை அறிந்துகொண்டால், தேவையற்ற அச்சம் நீங்கும். எங்கே கவனம் தேவை என்பதும் விளங்கும்.

எக்ஸ்-ரே என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியும் ஒளி, வானொலி அலைகள், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் ஆகியவை மின்காந்த அலைகளாகும். எக்ஸ்-ரேயும் இதே வகையைச் சேர்ந்தது. ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். எக்ஸ்-ரேயின் அலைநீளம் சுமார் 0.01 முதல் 10 நானோமீட்டர் மட்டுமே. அலைநீளம் குறையும்போது ஆற்றல் மிகுவதால், இக்கதிர்கள் உடலை ஊடுருவிச் செல்கின்றன. 1895ஆம் ஆண்டு இவற்றைக் கண்டறிந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ரான்ட்ஜன், இவற்றின் இயல்பு அப்போது அறியப்படாததால் 'எக்ஸ்' எனப் பெயரிட்டார்.

சுண்ணச்சத்து நிறைந்த எலும்பு கதிர்களைப் பெருமளவு தடுப்பதால் படத்தில் வெண்மையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும் தெரியும். நிமோனியா, காசநோய் போன்றவற்றால் நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தால், அவ்விடத்தில் வெண்ணிழல் தோன்றும்.

கதிர் உடலில் தங்குமா?

தங்காது. விளக்கை அணைத்ததும் அறையில் ஒளி தங்குவதில்லை, எக்ஸ்-ரேயும் அவ்வாறே. படமெடுத்தவரிடமிருந்து பிறருக்குக் கதிர் பரவாது. தாய்மார்கள் வழக்கம்போல் பாலூட்டலாம்.

பாதிப்பு உண்டா?

எக்ஸ்-ரே, உயிரணுக்களில் உள்ள மரபுப்பொருளைச் சேதப்படுத்தும் ஆற்றல் கொண்டது. பெரும்பாலான சேதத்தை உடல் தானே சரிசெய்துகொள்ளும். எனினும் கதிரளவு கூடும்போது, பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சிறிதளவு கூடுகிறது.

மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து நாம் ஒவ்வொருவரும் இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் அளவு கதிர்வீச்சைப் பெறுகிறோம். ஒரு மார்பு எக்ஸ்-ரே படத்தின் அளவு சுமார் 0.02 மில்லிசீவர்ட், அதாவது, சில நாள்களில் இயற்கையாகப் பெறும் அளவே. சி.டி. ஸ்கேனில் இது பல மடங்கு அதிகம். எனவே "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் எக்ஸ்-ரே பயன்படுத்தப்படுவதில்லை.

கர்ப்பிணிகள் கவனத்திற்கு

கருவுற்றிருந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலோ படமெடுக்கும் முன்பே தெரிவியுங்கள். மார்பு, கை, கால் ஆகிய பகுதிகளில் எடுக்கும் படத்தால் கருவைச் சென்றடையும் கதிர் மிக மிகக் குறைவு; மருத்துவர் அவசியம் என்றால் மறுக்க வேண்டியதில்லை. கருவுற்றது தெரியாமல் படமெடுத்துவிட்டால் பதற்றம் வேண்டாம். அச்சத்தால் கருக்கலைப்பு முடிவை எடுக்காமல், முதலில் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• பழைய எக்ஸ்-ரே படங்களையும் அறிக்கைகளையும் பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். மீண்டும் படமெடுப்பதை இதனால் தவிர்க்கலாம்.
• படமெடுக்கும் பகுதியில் உள்ள நகை, தாயத்து, ஊக்கு ஆகியவற்றை அகற்றுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயக்கம் இருந்தால், முன்கூட்டியே பணியாளரிடம் கூறுங்கள்.
• அசையாதீர்கள், மூச்சை அடக்கச் சொன்னால் அடக்குங்கள். படம் தெளிவில்லாவிடில் மறுமுறை எடுக்க நேரிடும்.
• உடனிருப்போர் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். குழந்தையையோ முதியவரையோ பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால், ஒருவர் மட்டும் ஈயக் கவசம் அணிந்து உள்ளே இருக்கலாம். கர்ப்பிணிகள் இதைச் செய்யக் கூடாது.

"இப்படம் எதற்காக?" என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. காரணம் அறிந்த பின் தயங்காமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். தேவையான ஓர் எக்ஸ்-ரேயைத் தவிர்ப்பதால் காசநோயோ எலும்பு முறிவோ கண்டறியப்படாமல் போகலாம். அந்தத் தீங்கு, படத்தின் கதிரால் வரக்கூடியதை விடப் பெரிது.