பதவி நீங்கிய பின் ஜிம்மி கார்ட்டர்

சங்கத் தேர்தலில் தோற்ற தலைவர் ஒருவர் அதன்பின் என்ன செய்கிறார் என்பதை அங்கத்தினர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். சிலர் பொதுக்குழுவுக்கே வருவதில்லை. சிலர் தவறாமல் வந்து, புதிய நிர்வாகம் செய்யும் எதற்கும் குறை கூறுவர். அவரது அனுபவமும் நாவன்மையும் சங்கத்துக்குப் பயன்படாமலே போய்விடுகின்றன. ஒரு பெரிய தேசத்தின் ஜனாதிபதியாக இருந்தவர் இவ்விஷயத்தில் நடந்துகொண்ட விதம் நாம் அறியத்தக்கது.

ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா மாகாணத்தில் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த நிலக்கடலை விவசாயி. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. நுகர்வோர் கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுக்கத் தேசிய வங்கி ஒன்றை நிறுவும் சட்டத்தில் 1978ஆம் ஆண்டு கையொப்பமிட்டவர் அவரே. 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்று, 1981 ஜனவரியில் ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 56. பிறர் பொறுப்பில் விட்டுச் சென்ற கடலைக் கிடங்கு வியாபாரம் சுமார் 10 லட்சம் டாலர் கடனில் மூழ்கியிருந்தது. கிடங்கை விற்றார், புத்தகம் எழுதிச் சம்பாதிக்கலானார்.

பதவியில் இருந்தவர் பேச்சுக்கு அந்நாட்டில் நல்ல விலை உண்டு. அவருக்குப் பின் ஜனாதிபதியான ரீகன், பதவி நீங்கிய 1989ஆம் ஆண்டிலேயே ஜப்பானுக்குச் சென்று 20 லட்சம் டாலர் பெற்றுப் பேசினார். கார்ட்டர் அவ்வழியைப் பெரும்பாலும் தவிர்த்தார். பெருங்கம்பெனிகளின் இயக்குநர் பதவிகளையும் ஏற்கவில்லை. ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பாடம் சொன்னார். அதைக் கேட்க வெளியூரார் விடியுமுன்பே வந்து வரிசையில் நின்றனர். 1984 முதல் வீடற்றோருக்கு வீடு கட்டும் சங்கத்துடன் சேர்ந்து, ஆண்டுதோறும் சில நாள் சுத்தியல் பிடித்தார். 2006ஆம் ஆண்டு நம் நாட்டில் லோணாவாலாவுக்கு அருகிலும் வந்து வேலை செய்தார்.

ஆனால் அவரது பேச்சு முழுமையாகப் பயன்பட்டது நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கும் பணியில்தான் என்பது நமது கருத்து. நம் பாட்டனார் காலத்தவர் அந்நோயை அறிவர். குளத்து நீரில் உள்ள நுண்ணிய நீர்ப்பூச்சியின் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். அந்நீரைக் குடித்தவன் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்டு, காலில் கொப்புளம் கட்டி வெளிவரும். எரிச்சல் தாங்காமல் அவன் காலைக் குளத்தில் வைத்தால், புழு மீண்டும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். இதற்குத் தடுப்பூசி இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. புழுவைக் குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பது ஒன்றே வழி. நோய் காணும் காலம் பெரும்பாலும் உழவும் அறுவடையும் நடக்கும் காலமாகவே இருப்பதால், குடும்பமே பட்டினியாகும்.

கார்ட்டர் நிறுவிய நிலையம் 1986ஆம் ஆண்டு இப்பணியை ஏற்றபோது, ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேர் இந்நோயால் வருந்தினர். பரிகாரமாக அமைந்தது ஒரு துண்டுத் துணி. நெசவாளர்களாகிய நமக்கு இதில் தனிச் சுவை உண்டு. பருத்தித் துணியில் வடிகட்டினால் சேறு விரைவில் கண்களை அடைத்துவிடும்; ஈரத்தில் துணி இற்றும் போகும். ஆகவே ஒற்றை இழை நைலானில், பாவும் ஊடையும் இம்மியும் விலகாதபடி நெருக்கமாக நெய்யவேண்டியிருந்தது. கார்ட்டர் கேட்டுக்கொண்டதன் பேரில் டூபாண்ட் கம்பெனி இழையை இலவசமாகக் கொடுத்தது. பிரிசிஷன் ஃபேப்ரிக்ஸ் என்ற ஆலை நெய்து கொடுத்தது.

துணி கிடைத்தால் போதுமா? நோய் நீரால் வருகிறது என்பதையே பல ஊரார் நம்பவில்லை. முன்னோர் தந்த குளத்தில் மருந்து தெளிக்க வந்தவரை ஐயுற்றனர். அங்கேதான் பேச்சு தேவைப்பட்டது. 1988ஆம் ஆண்டு கார்ட்டர் கானா நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு நேரில் சென்றார். கைக்குழந்தையை ஏந்தி நிற்பதாக அவர் எண்ணிய பெண், உண்மையில் புழு வெளிவரும் தன் மார்பைத் தாங்கி நின்றாள். இதை அவர் பின்னர் மேடைதோறும் சொன்னார். பதவி இழந்த பிறரையும் இப்பணிக்கு அழைத்தார். மாலி நாட்டின் தூரே வந்தார். 1975இல் பதவி பறிக்கப்பட்ட நைஜீரியாவின் கோவன் 1990களின் இறுதியில் ஊர் ஊராகச் சென்று தலைவர்களிடம் பேசினார். முதல் கணக்கெடுப்பில் ஆறரை லட்சம் நோயாளிகள் இருந்த அந்நாட்டில், கடைசி நோயாளி 2008இல் காணப்பட்டார். 1995ஆம் ஆண்டு சூடான் உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரிடமும் பேசி, ஊழியர்கள் கிராமங்களுக்குள் செல்லச் சுமார் ஆறு மாதம் சண்டையை நிறுத்தி வைத்தவரும் கார்ட்டரே.

அவர் பேசிய எல்லாமே சரி என்று நாம் கூறமாட்டோம். 1990ஆம் ஆண்டு, தம் நாட்டு அரசு வளைகுடாப் போருக்கு ஆதரவு திரட்டியபோது, அதற்கு எதிராகப் பிற நாட்டுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1994இல் வட கொரியா சென்று, உடன்பாட்டை வாஷிங்டன் முடிவு செய்யுமுன்பே தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார். முன்னாள் தலைவர் ஒருவர் நிர்வாகக் குழுவைக் கேளாமல் நூல் வியாபாரியிடம் விலை பேசி முடித்தால் நாம் பொறுப்போமா? ஆயினும் 2002இல் ஹவானாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை வேறு வகை. ஸ்பானிஷ் மொழியில், நாடெங்கும் ஒலிபரப்பாகும்போதே, கியூபாவில் உரிமைகள் இல்லாமையைக் காஸ்ட்ரோவின் முன்னிலையில் சுட்டிக்காட்டினார். தம் நாடு விதித்த வர்த்தகத் தடையை நீக்கவேண்டும் என்றும் அதே மேடையில் சொன்னார். அவ்வாண்டிலேயே சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நம் நாட்டில் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். தாம் இறக்குமுன் கடைசிப் புழு இறக்கவேண்டும் என்று கார்ட்டர் விரும்பினார். அது கைகூடவில்லை. 2024 டிசம்பர் 29ஆம் நாள், தமது நூறாம் வயதில், பிளெயின்ஸ் ஊரில் 1961இல் கட்டிய அதே வீட்டில் அவர் காலமானார். அவ்வாண்டு உலகெங்கும் காணப்பட்ட நோயாளிகள் சுமார் 15 பேர். சாட் நாட்டில் இப்புழு நாய்களையும் பற்றுவது 2012இல் தெரியவந்ததால், அங்கே கிராமத்தார் தண்ணீரை வடிகட்டுவதோடு, மீன் குடல்களைப் புதைத்தும், நோய்கண்ட நாய்களைக் கட்டிவைத்தும் காவல் காக்கின்றனர்.