வயிற்றெரிச்சலுக்குப் பின்னால் ஒரு 'செட்' மாத்திரை

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் அறுவடைக் காலத்தில் நாள் முழுக்கக் குனிந்தே வேலை. சாயங்காலம் இடுப்பு கழன்றுவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கலில் நின்று, "உடம்பு வலிக்குது, ஒரு செட் குடுங்க" என்றால் போதும். கத்தரியால் நறுக்கிய மூன்று நான்கு மாத்திரைகள் காகித உறையில் வரும். என்ன மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நினைத்தாலும், பெயர் அச்சிட்ட துண்டு கடையிலேயே தங்கியிருக்கும்.

சில வாரத்தில் நெஞ்சு கரிக்கும், மேல்வயிறு எரியும். அதற்கும் அதே கடையில் வேறொரு மாத்திரை!

வலியை அடக்குவது வயிற்றைச் சுடும்

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி நிவாரணிகள், இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப் படலத்தைப் பலவீனமாக்குகின்றன. வெறும் டீயோடு வேலைக்கு ஓடுகிறவர்கள் இவற்றைத் தினமும் விழுங்கினால் புண் வரும் வாய்ப்பு கூடும். சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

குடல்புண்ணுக்குக் காரத்தின் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம். உண்மையான குற்றவாளிகளில் இன்னொன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் இக்கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் சக ஆய்வாளர் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமியை இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். எரிச்சல் அடங்கியதும் பாதியில் நிறுத்தினால் கிருமி மிஞ்சும்.

வாயு என்று சோடா குடிப்பவர்கள்

அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுநர்களுக்குச் சாப்பாட்டு நேரமென்று ஒன்று கிடையாது. நடுராத்திரி பரோட்டாவுக்குப் பிறகு நெஞ்சு அழுத்தினால் வாயு என்றுதான் தோன்றும். அழுத்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மேல்வயிற்று அசௌகரியமாக மட்டுமே வருவதுண்டு. சோடாவுக்கு அலையாமல் 108ஐ அழையுங்கள். 2023இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகின்றன.

தள்ளிப்போடக் கூடாதவை

தார்போல் கருத்த மலம், இரத்த வாந்தி இரண்டும் உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளங்கள். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கருக்கும், அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.) காரணமின்றி எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோபி தேவைப்படலாம். மலத்தில் இரத்தம் என்றால் மூலமென்று தானே முடிவு கட்டி நாட்டு மருந்து தேடுகிறோம். நாற்பதைத் தாண்டியவர்கள் குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மூலத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. போகும்போது வீட்டில் மிச்சமிருக்கும் அந்தக் காகித உறையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.