வாடகைக் கணக்கில் கவனம் தேவை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன்மலை வெள்ளிமலைக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு அனுப்புகிறோம். வேன் வாடகை கிலோமீட்டர் கணக்கு. ஒரு மழை நாளில் பாதை அடைபட்டு வண்டி சுற்றிச் சென்றது. ஓட்டுநர் கூடுதல் வாடகை கேட்டார். ஜி.பி.எஸ். கருவி காட்டிய தூரத்தைச் சொல்லி மறுத்துவிட்டோம்.

தவறு நம்முடையதே. பாதை மாறினால் அக்கருவி, வண்டி இருக்கும் இடத்திலிருந்து மீதித் தூரத்தைத்தான் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டும். ஓடி முடித்த சுற்று அதில் சேராது. சில கருவிகளில் பயணப் பதிவு தனியே உண்டு. புறப்படும் முன் அதைப் பூஜ்யமாக்க வேண்டும்.

வண்டி மீட்டரைப் பார்த்த பின் பாக்கியைக் கொடுத்தோம். வணிக நண்பர்களே, புறப்படும்போதும் திரும்பியதும் மீட்டர் எண்ணைச் சீட்டில் குறித்து, இருவரும் கையொப்பமிடுங்கள். கணக்கு சரியானால் உறவு நிலைக்கும்.