தந்தை யார் என்று நிறுவும் வழக்கு: எப்படி இயங்குகிறது?

கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “டிஎன்ஏ டெஸ்ட் எங்கே எடுக்கலாம்?” என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அரிசி ஊறுவதற்கு முன்பே இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவது போன்றது அது. அவிப்பதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஊறப்போடுவது. முதலில் சான்றுகளைச் சேருங்கள்: பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, சேர்ந்து குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், குழந்தையின் அப்பா பணம் அனுப்பிய வங்கி விவரம், போட்டோக்கள். “பாப்பா சாப்பிட்டாளா?” என்று அவர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வரி உளுந்து மாதிரி, அளவு கொஞ்சம்தான், மாவைப் பொங்க வைப்பது அதுதான். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அரைப்பது. அடுத்தது மனு. வக்கீலுக்குக் காசில்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி எண் 15100. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில், அதாவது பழைய சட்டத்தின் 125-இல், ஜீவனாம்ச மனு போடுவார்கள். பெற்றோருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக அந்தப் பிரிவு குழந்தையை ஒதுக்குவதில்லை.

புளிக்க விடுவது. நோட்டீஸ் போகும், பதில் வரும், விசாரணை நடக்கும். இதற்கிடையே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை அதை முடிக்கச் சட்டம் சொல்கிறது. வலுவான முகாந்திரம் இல்லாமல், தந்தை யார் என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே கூறிவிட்டது. ஊறப்போட்ட சான்றுகள் வேலை செய்வது இங்கேதான். குழந்தை பிறந்தபோது தாய்க்கு வேறொருவருடன் சட்டப்படி திருமணம் இருந்திருந்தால், அந்தக் கணவரையே தந்தையாகச் சட்டம் அனுமானிக்கும். அதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அவிப்பது. இப்போதுதான் டிஎன்ஏ. குழந்தையின் உடலை ஓர் அஞ்சறைப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். அறைகள் ஐந்துக்குப் பதில் பதினைந்துக்கும் மேல். ஒவ்வோர் அறையிலும் இரண்டு கரண்டி: ஒன்று அம்மா வீட்டுச் சரக்கு, மற்றது அப்பா வீட்டுச் சரக்கு. அம்மாவின் பெட்டியோடு ஒப்பிட்டு அவர் தந்ததைத் தள்ளிவிட்டால், மிச்சமுள்ள கரண்டி அந்த ஆணின் பெட்டியில் இருக்க வேண்டும். பல அறைகளில் இல்லையென்றால் அவர் தந்தை இல்லை. இந்திய நீதிமன்றத்தில் இந்தச் சோதனை முதலில் ஏறியதே, தலசேரியில் ஒரு குழந்தைக்கான ஜீவனாம்ச வழக்கில்தான். ஹைதராபாத் விஞ்ஞானி லால்ஜி சிங்கின் ஆய்வை ஏற்ற தீர்ப்பை 1991-இல் கேரள உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. உத்தரவிட்ட பிறகும் ஒருவர் சோதனைக்கு வர மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

பரிமாறுவது. மாதாமாதம் தொகை வரவேண்டும். வராவிட்டால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனு போடுங்கள். வாரண்டுக்குப் பிறகும் கட்டாதவருக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

பிறப்புச் சான்றிதழுக்காக வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தாயின் உறுதிமொழிப் பத்திரம் போதும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குழந்தையின் சோற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போனைப் பத்திரப்படுத்திவிட்டு, இன்றே 15100-க்குப் பேசுங்கள்.